நடுங்கத் தெரியாதவள்

ஹீட்டரைச் சரிசெய்து முடித்த மெக்கானிக், கூடத்தில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டார்.

“எங்க வைக்கட்டும் ஐயா?”

“உள்ரூம்ல, அவ பக்கத்துல.”

“அப்போ உங்களுக்கு?”

“எனக்கு உடம்புக்குள்ளயே அடுப்பு இருக்குப்பா. நடுங்கினா அது எரியும். அவளுக்கு நடுங்கவே தெரியாது.”

“அம்மா கொடுத்து வச்சவங்க.”

மெக்கானிக் ஓசைப்படாமல் உள்ளே போனார். கட்டில் காலியாக இருந்தது. அதனடியில் ஓர் ஆமை முடங்கிக் கிடந்தது.

“என் சம்சாரம் வளர்த்தது,” என்றார் பெரியவர், நிலைப்படியிலேயே நின்று. “அவ போனப்புறம் இந்த ரூம்ல என்னால உட்கார முடியல.”

மெக்கானிக் ஹீட்டரை ஆமையருகே வைத்தார். கூடத்து நாற்காலியைத் தூக்கிவந்து பக்கத்தில் போட்டுவிட்டு, தானும் தரையில் உட்கார்ந்தார்.

“நல்லா சூடாகுதான்னு கொஞ்ச நேரம் இருந்து பார்க்கணும். வாங்க ஐயா, சேர்ந்தே பார்ப்போம்.”

பெரியவர் நிலைப்படியைத் தாண்டினார். ஆமை மெல்லத் தலையை நீட்டியது.