இடது கைச் சாம்பார் சாதம்

பகலில் தன் உடம்பை வாடகைக்கு விடும் எழிலரசன், மாலையில் கழுத்துப் பொத்தானை அழுத்தித் தன் பழக்கங்களைத் திரும்ப ஏற்றிக்கொள்வார். இன்றும் அழுத்தினார். ஆனாலும் இடது கையால்தான் சாம்பார் சாதம் பிசைந்தார்.

“நாளைக்குச் சம்பந்தி வீட்டு விருந்து! இந்தக் கையாலயா சாப்பிடப் போறீங்க? பொண்ணு கல்யாணமே நின்னுடும்!” என்று மனைவி கோமளவல்லி அலறினாள்.

“வலது கைக்கு வாய் எங்க இருக்குன்னே தெரியல, கோமளா!”

வாடகைக்காரரைப் போனில் பிடித்தாள்.

“நான் இடக்கைக்காரன்தாங்க. மத்தியானம் நண்பருக்கு உள்வாடகைக்கு விட்டுட்டேன். அவர்தான் உடம்பைத் திருப்பிக் கொடுத்தாரு.”

கோமளவல்லிக்குப் புரிந்துவிட்டது. புதிதாக ஒருவர் நுழையும்போது, அதுவரை உள்ளே இருந்தவரின் பழக்கங்கள் தட்டுகள்போல அடுக்கப்படுகின்றன. அடியில் கணவருடையது, நண்பர் நுழைந்தபோது அதன்மேல் வாடகைக்காரருடையது. முதல் அழுத்தலில் மேல்தட்டுதான் வரும்.

பொத்தானை மறுபடி அழுத்தினாள். வலது கை சாம்பாரில் இறங்கியது.

இரண்டு பேர் நுழைந்தால் இரண்டு முறை அழுத்த வேண்டும்.