மூன்றடுக்கு ரிப்பன் பூ

"பெண்களை இருட்டில் வைத்திருப்பவன் மனிதனே அல்ல!" முன்கட்டில் சிவனணைந்தபெருமாள் பிள்ளை, நாளைய பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குப் பேசிப் பழகுகிறார். ஒவ்வொரு 'அல்ல'வுக்கும் அவருடைய தொப்பை குலுங்கி ஆமோதிக்கிறது. உள்ளறையில், குற்றாலத்துச் சாரல் தெறிக்கும் ஜன்னலடியில், மூத்த மகள் குழல்வாய்மொழி தங்கையின் தலைக்கு ரிப்பன் பூ தைக்கிறாள். பெரியவளாகிவிட்டாள் என்று போன மாதம் அவள் படிப்பை நிறுத்தியவரும் அதே பிள்ளைதான். பூவின் அடியில், அவளுடைய பள்ளிக்கூட ஊதாப் பாவாடையில் வெட்டிய துணி. அதன்மேல் கஞ்சி போட்ட வெள்ளை மல். உச்சியில், பள்ளிக்கூடத்துக்கு அவள் சடையில் கட்டிக்கொண்டு போன சிவப்பு ரிப்பன். மூன்றையும் நடுவில் கொசுவி, நூலைச் சுற்றி இறுக்குகிறாள். சாரல் ஈரத்தில் மல் துணி விறைக்காமல் துவண்டு துவண்டு விழுகிறது. "ஏட்டி குழலு, கலெக்டருக்கு மாலை போடுத பிள்ளை. பூ எடுப்பா இருக்கணும், கேட்டியா?" என்று அப்பா அங்கிருந்தே குரல் கொடுக்கிறார். "இருக்குப்பா." தங்கை உலகம்மாள் பூவைத் தலையில் வைத்துப் பார்க்கிறாள். "யக்கா, விழா முடிஞ்சதும் உனக்கே தந்திருதேன், என்ன?" குழல்வாய்மொழி மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். "வேண்டாம்ட்டி. நீ பெரியவளாகுத வரைக்கும் வச்சுக்கோ." முன்கட்டில் பேச்சு நின்றிருக்கிறது. கைதட்டலுக்காக அப்பா கொஞ்சம் இடம் விடுகிறார்.