ஞாயிற்றுக்கிழமைக் காவல்

"ஆறும் போட்டாச்சு. பார்த்துக்கிட்டியா?"

டெல்பர்ட் ரிவால்வரை உறையில் செருகிக் கட்டில்மேல் வைத்தார். ஞாயிறு காலைதோறும் இதே சடங்குதான். ஒவ்வொரு தோட்டாவையும் மனைவி நோரீனின் கண்முன் தூக்கிக் காட்டிய பிறகே உள்ளே போடுவார்.

"பார்த்தேன், பார்த்தேன். போய் ஷேவ் பண்ணு. உன் தாடியைப் பார்த்தாலே திருடன் ஓடிடுவான், துப்பாக்கியே வேண்டாம்."

அவர் சிரித்தபடி ஒரு பிடி வால்நட்டை வாயில் போட்டுக்கொண்டு போனார். கொஞ்ச காலமாகவே வால்நட், மீன் எண்ணெய் மாத்திரை, காலையில் குறுக்கெழுத்துப் போட்டி. காவலுக்கு நிற்பவன் மூளை கூர்மையாக இருக்க வேண்டாமா, என்று நோரீன் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் ரிவால்வரைத் திறந்தாள். ஆறு தோட்டாக்களையும் உள்ளங்கையில் கவிழ்த்து, தோட்டாப் பெட்டிக்குள் பழையபடி அடுக்கினாள்.

சர்ச்சுக்குக் காவல் வேண்டும் என்று முதலில் சொன்னதே அவள்தான். பக்கத்து மாவட்டத்தில் ஒருவன் ஆராதனைக்கு நடுவே புகுந்து சுட்ட வாரம் அது. "நீ பக்கத்துல இருந்தா எனக்குப் பயமில்லை" என்று அவரிடம் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையில் ஓய்வுபெற்ற மனிதரின் தோள்கள் மறுபடி நிமிர்ந்ததைப் பார்த்தாள்.

போன கோடையில் அவர் பாம்பு என்று நினைத்துத் தோட்டத்து ரப்பர் குழாயைச் சுட்டார். அது மூன்று இடத்தில் பீய்ச்சி அடித்தது. ஊரே சிரித்தது. நோரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. சற்று முன்புவரை அந்தக் குழாயோடு விளையாடிக்கொண்டிருந்தவள் அவர்கள் பேத்தி.

'போதும், நிறுத்து' என்று சொல்லியிருக்கலாம். நிமிர்ந்த தோள்களைத் தன் வாயாலேயே சாய்க்க அவளுக்கு மனம் வரவில்லை. ஊரைக் காப்பாற்றுகிறேனா, இவரை ஏமாற்றுகிறேனா என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக்கொள்வாள். பதில் வருவதற்குள் ஷேவிங் முடிந்துவிடும்.

சர்ச் வாசலில் ஜோ எல்லன் காத்திருந்தாள். டெல்பர்ட்டோடு பள்ளியில் ஒன்றாகப் படித்தவள்.

"இந்த வாரமும் இரும்போட வந்துட்டியா? இயேசு இடுப்புல எத்தனை தோட்டா வெச்சிருந்தார், சொல்லு பார்ப்போம்."

"அவர் தண்ணிமேல நடப்பார் ஜோ எல்லன். எனக்கு முட்டி வலி."

"கேலி பண்ணு. அடுத்த சபைக் கூட்டத்துல இதை ஓட்டுக்கு விடறேன். கடவுள் வீட்டுல துப்பாக்கி கூடாது."

"அந்தக் கூட்டத்துக்கும் வாசல்ல நான்தான் நிக்கணும். மறந்துடாதே."

டெல்பர்ட் வழக்கம்போல முதலில் கழிப்பறைக்குப் போனார். வழக்கம்போலவே குழம்பிய முகத்தோடு திரும்பி வந்தார். வயசு, என்று நினைத்தாள் நோரீன். அவ்வளவு பேசிய ஜோ எல்லன், டெல்பர்ட்டுக்கு நேர் பின்னால் இடம் பிடித்து உட்கார்ந்தாள்.

பிரசங்கத்தின் நடுவே கதவு திறந்தது.

வந்தவனை யாருக்கும் தெரியாது. நீளமான கோட்டு. வலது கை கோட்டுக்குள். அங்கே ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது.

போதகரின் குரல் பாதி வசனத்தில் நின்றது. ஜோ எல்லன் டெல்பர்ட்டின் முதுகைப் பிராண்டினாள். "எடேன்யா அதை!"

டெல்பர்ட் எழுந்தார். கை இடுப்புக்குப் போனது.

காலி, என்று நோரீனுக்குள் ஒரு குரல் அலறியது. அவரை வெறும் இரும்போடு நிறுத்தியது நான். இவருக்கு ஏதாவது ஆனால் சுட்டவன் அவனல்ல.

அவர் கை உறைமேல் ஒரு கணம் நின்றது. பிறகு விலகியது. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியபடி நேராக நடந்துபோய், அவனுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"வா தம்பி. வெளியே குளிரு. உள்ள என்ன வெச்சிருக்கே?"

"ம்மே" என்றது கோட்டு.

"ரோட்டோரமா கிடந்துது சார்" என்று அவன் ஆட்டுக்குட்டியை வெளியே எடுத்தான். "உங்கள்ல யாரோடதாவது இருக்குமோன்னு..."

சிரிப்பில் கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன. "நான்தான் அப்பவே சொன்னேனே, துப்பாக்கியே தேவையில்லைன்னு" என்றாள் ஜோ எல்லன்.

வீடு திரும்பும் வழியில் டெல்பர்ட் முகத்தைத் தொங்கப்போட்டபடி வண்டியை ஓட்டினார். நோரீனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"டெல்பர்ட், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நான் முதல்ல சொல்லிடறேன், தைரியம் போறதுக்குள்ள." அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "அந்தக் குழாயைச் சுட்டதுலேர்ந்து என்மேல எனக்கே நம்பிக்கையில்லை. நீ பயப்படக் கூடாதேன்னுதான் உன் முன்னாடி லோடு பண்றேன். சர்ச்சுக்குப் போனதும் கழிப்பறைல கதவைச் சாத்திக்கிட்டு எல்லாத்தையும் வெளியே எடுத்துடணும்னு ஒரு முடிவு."

நோரீனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அட கிறுக்கா! இதுக்கா இப்படி முகத்தைத் தூக்கி வெச்சிருக்கே?"

"இதுக்கில்லை. ஒவ்வொரு வாரமும் அங்க போய்த் திறந்தா, ஏற்கெனவே காலியா இருக்கு. வீட்டுக்கு வந்து பார்த்தா, ஆறும் பெட்டில அடுக்கா இருக்கு." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "நான்தான் எடுத்து வெச்சிருக்கணும், வேற யாரு? எவ்வளவு வால்நட் தின்னும் எப்ப எடுத்தேன்னு துளிகூட ஞாபகம் வரலை. நாளைக்கு என்னை மறதி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறியா, நோரீன்?"