கம்பிக்கு இடம் வேண்டுமாம்

ஒரு வாயில் தெத்துப்பல் ஒன்று வரிசைக்கு மேலே ஏறி நின்றது. அதை இறக்கக் கம்பி வந்ததும், பக்கத்தில் நேராக நின்ற பல்லுக்கு ஏக குஷி.

"நல்லா இழுங்கண்ணே! இவளுக்கு அடக்கமே கிடையாது."

"இழுக்கலாம்," என்றது கம்பி. "ஆனா இவ இறங்க இடம் வேணுமே. அதுக்கு நாளைக்கு உன்னைப் பிடுங்குறாங்க."

"என்னையா? நான் என்ன சொத்தையா, கோணலா? இத்தனை நாளா முறுக்கைக் கடிச்சது யாரு? என்ன தப்பு செஞ்சேன், சொல்லுங்க!"

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. இடந்தான் இல்ல."

"நான் இப்படியே இருந்துட்டுப் போறேன், அவளை விட்டுடுங்க!" என்று தெத்துப்பல் கதறியது. யாரும் கேட்கவில்லை.

மறுநாள் பிடுங்கினார்கள். தெத்துப்பல்லை மாதாமாதம் இழுத்து, அந்தக் காலி இடத்தில் நிறுத்தினார்கள்.

பிறகு கம்பி கீழ்வரிசைக்கு வந்தது. மேலே நடந்ததைப் பார்த்திருந்த, அங்கே நேராக நின்ற பல் ஒன்று கேட்டது:

"அண்ணே, நான் கொஞ்சம் கோணலா நின்னுக்கட்டுமா?"