சூடான துவாய்

கட்டுகஸ்தோட்டை அழகு நிலையத்தில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள்: கடையை நடத்தும் யோகராணி, அவளோடு வேலை செய்யும் தங்கை தர்ஷினி, கதிரையில் சாய்ந்திருந்த ஸனா. ஸனா பேராதனை ஆஸ்பத்திரியில் தாதி.

"மழை முடிஞ்சு பனிக்காத்து வந்திருச்சு மிஸ். இனி அந்தப் பழைய கிறீமைப் பூசாதீங்க. கன்னத்துல பாருங்க, வெள்ளையா திட்டு" என்றாள் யோகராணி.

"ஏதும் தோல் வருத்தமா இருக்குமோ அக்கா?"

"நர்சம்மாவே பயந்தா நாங்க எங்க போறது? வெறும் வறட்சி. எனக்கும் மணிக்கட்டுல இருக்கே. சீசனுக்குச் சீசன் தோல் மாறும்."

தர்ஷினி சிரித்தாள். யோகராணி கேத்தலிலிருந்த சுடுநீரைத் துவாயில் ஊற்றி, இரு கைகளாலும் பிழிந்து, ஸனாவின் கன்னத்தில் வைத்தாள்.

ஸனா துள்ளி எழுந்தாள்.

"சுடுது அக்கா. இத எப்பிடிப் பிழிஞ்சீங்க?"

"வெதுவெதுன்னுதானே இருக்கு?"

ஸனா அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை வெந்து சிவந்திருந்தது. கண்ணை மூடச் சொல்லி, மணிக்கட்டிலிருந்த வெள்ளைத் திட்டில் மேசையில் கிடந்த கொண்டை ஊசியால் அழுத்தினாள்.

"தெரியுதா?"

"என்ன தெரியுதா?"

ஸனா ஊசியை மேசையில் வைத்தாள்.

"எனக்கு வறட்சிதான். உங்களுக்குத்தான் கையில உணர்ச்சி இல்ல. தொழுநோயா இருக்கலாம். மருந்து இருக்கு, குணமாகும். இப்பவே என்னோட வாங்க."

யோகராணி தங்கையைப் பார்த்தாள். "கடையப் பாத்துக்கடி."

சுவரோடு ஒட்டி நின்ற தர்ஷினி, அக்காவின் கைப்பையைக் காலால் வாசல் பக்கம் தள்ளினாள்.

"இனிமே இங்க வராத. வீட்டுக்கும் வராத."

அவர்கள் வெளியேறியதும் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினாள்.