தண்ணீர் அத்தர்

உத்திரமேரூர் கடைத்தெருவில், தலையால் முட்டியே ஆளைச் சாய்ப்பவரென்று பெயரெடுத்த ஏகாம்பரம், அத்தர் வியாபாரி வஹாபின் சட்டையைப் பற்றி இழுத்தார்.

"இன்னா பாய், தண்ணியை அத்தர்னு வித்துக்கினு கீறியா? துளி வாசனை இல்லியே!"

"அசல் மல்லி நைனா, அடிக்காதே!"

ஏகாம்பரம் குப்பிகளைத் தரையில் அடித்து நொறுக்கினார். "எங்கேய்யா வாசனை?" என்று கர்ஜித்து, வஹாபின் நெற்றியில் முட்டினார். இரத்தம் வழிந்தது.

எதிர்க்கடைச் சுகிர்தா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "நெடியில தெருவே தலை சுத்துதே அண்ணே! உனுக்குத் தெரியலியா?"

ஏகாம்பரம் குனிந்து ஈரத் தரையை முகர்ந்தார். முகம் வெளுத்தது.

மருத்துவமனையில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "வாசனைத் துகளைப் பிடிச்சு மூளைக்குச் சொல்ற நரம்பு நூல் மாதிரி. முட்டி முட்டி நீயே அறுத்துட்டே. இனிமே சேராது."

பக்கத்தில் நெற்றிக்குத் தையல் போடக் காட்டிக்கொண்டிருந்த வஹாப் பெருமூச்செறிந்தார்.

"என் நெத்தி ஆறிடும், நைனா."