கீரை ஆயும் நேரத்துப் பேச்சு

"பாஷை தெரியாதவகிட்ட மணிக்கணக்கா அப்படி என்னதான் பேசுவ நீ?"

கேட்டது தங்கராசு. அவர் மனைவி கொளஞ்சியம்மாள் வழக்கம்போல் முறத்தையும் முருங்கைக்கீரையையும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறிவிட்டாள். பாஷை தெரியாதவள் என்பதால்தானே பேச முடிகிறது? அதை இந்த மனுஷனிடம் சொல்ல முடியுமா என்ன?

மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்த சுகுர்மணி ஜார்க்கண்ட்காரி. புருஷனுக்கு சிப்காட்டில் வெல்டிங் வேலை. வந்த புதிதில் முதுநகர்த் தெருவே அவளை இந்திக்காரி என்று தள்ளி வைத்துத்தான் பார்த்தது. குழாயடியில் அவள் குடத்தைக்கூட நகர்த்தி வைத்தார்கள். கொளஞ்சியும் அப்படித்தான் இருந்தாள், பொய் சொல்வானேன். ஒருநாள் மாடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சுகுர்மணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்காமலே ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தாள். கை அத்தனை சுத்தம். அவர்கள் ஊரிலும் முருங்கைக்கீரை சாப்பிடுவார்கள் போலிருக்கிறது.

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு. இவள் தமிழில் சொல்வாள். அவள் தன் பாஷையில் ஏதோ சொல்வாள். அது இந்திதானா, வேறு ஏதாவதா என்றுகூட இவளுக்குத் தெரியாது. ஆனால் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பாள். இவள் அழுதால் தன் முந்தானையால் துடைத்துவிடுவாள். அவள் அழுத நாட்களும் உண்டு. எதற்கென்று தெரியாமலே கொளஞ்சியும் கூடச் சேர்ந்து அழுவாள். முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்கிற பெண் என்று அவள்மேல் கொள்ளைப் பிரியம்.

கலைமணியைப் பற்றி அவளிடம் மட்டும்தான் சொல்ல முடிந்தது. ஒரே மகள். வேறு சாதிப் பையன் அன்புமணியைக் கட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குப் போனவள். அன்றைக்கே தங்கராசு மனைவியின் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். மகளைத் தானாகத் தேடிப் போய்ப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். புருஷன் தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறி அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயத்திலேயே வருஷங்கள் ஓடிவிட்டன. மகள் பெயரை வீட்டில் எடுக்க முடியாது. அக்கம்பக்கத்தில் வாயைத் திறந்தால் அரை மணியில் அவர் காதுக்குப் போய்விடும்.

"கீழ வீதியில தேரடிகிட்ட செல்போன் கடையாம் சுகுரு. போர்டுலயே எம் பொண்ணு பேரத்தான் வச்சிருக்கானாம் அந்தப் பையன். பேத்தி நடக்குதாம். நான் தேடிப் போவக்கூடாது, சரி. யாராச்சும் இட்டாந்து கண்ணுல காட்ட மாட்டாங்களா?"

சுகுர்மணி காம்பைக் கிள்ளிப் போட்டபடி தலையாட்டினாள்.

வேலை முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்புகிற வாரம் வந்தது. சுகுர்மணி நேராகத் தங்கராசு முன்னால் வந்து நின்றாள். கைகூப்பி, "சிதம்பரம், கோயில்" என்றாள். பிறகு கொளஞ்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சாமி காரியம், அதுவும் ஊரைவிட்டுப் போகிற பெண். தங்கராசுவே இளகிவிட்டார். கும்பிட்டோமா, வந்தோமா என்று இருக்க வேண்டும் என்று மட்டும் கறாராகச் சொல்லிப் பஸ் ஏற்றிவிட்டார்.

சிதம்பரத்தில் இறங்கியதுமே கொளஞ்சி, கீழ வீதிப் பக்கம் கால் போய்விடக்கூடாதே என்று தெற்கு வீதி வழியாகச் சுற்றி அழைத்துப் போனாள். சாமி கும்பிடும்போதும் மகள் முகம்தான் கண்ணில் நின்றது. வெளியே வந்து குளத்துப் படியில் உட்கார்ந்தவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"இவ்ளோ கிட்ட வந்துட்டு பாக்காமப் போறனேடி. நீயும் ஊருக்குப் போயிட்டா, அவ பேர நான் யார்கிட்ட சொல்லுவேன்?"

சுகுர்மணி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். இங்கேயே இரு என்று கையால் காட்டிவிட்டு எழுந்து போனாள். தண்ணீர் பாட்டில் வாங்கப் போகிறாள் என்று கொளஞ்சி நினைத்தாள். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கொலுசுச் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது சுகுர்மணியின் இடுப்பில் ஒரு பெண்குழந்தை இருந்தது. அவளுக்குப் பின்னால் துப்பட்டாவால் வாயை அடக்கிக்கொண்டு கலைமணி நின்றாள்.

கொளஞ்சி பதறி எழுந்தாள். நீண்ட கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள். "வேணாம்மா. உங்கப்பா தலைமேல சத்தியம் பண்ணியிருக்கேன்" என்று பின்வாங்கினாள்.

சுகுர்மணி குழந்தையை அவள் கையில் திணித்தாள்.

"நீ எங்க தேடிப் போனக்கா? இங்கதான குந்தியிருந்த? நாந்தான் போயி இட்டாந்தேன்" என்றாள், கொளஞ்சியம்மாள் மாடியில் பேசுகிற அதே தமிழில்.